கூலியாளும் கொந்தராத்துக்காரனும்: கங்காணி முறை பற்றிய ஒரு நோக்கு

வேலை செய்பவன் ஒருவன் பிறரின் ஊழியனா, அன்றித் தன் பொறுப்பில் வேலையை ஏற்று முடித்துக் கொடுக்கும் கொந்தராத்துக்காரனா என்ற வினா சட்ட நூல்களில் மட்டும் எழுவதன்று. 1880 ஆம் ஆண்டில் ஆங்கில நீதியரசர் பிரம்வெல் இதற்கு ஓர் உரைகல்லை வகுத்தார். செய்யும் வேலையை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதிலும் எசமானின் கட்டளைக்கு உட்பட்டவனே ஊழியன் என்பது அதன் சாரம். அதே காலத்தில் இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில், இவ்வுரைகல்லில் உரைத்தும் நிறம் தெரியாத ஒருவன் இருந்தான். அவனே கங்காணி.

1830களில் விரிவடையத் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்குக் காடு வெட்டும் வேலையைப் பெரும்பாலும் அயற்கிராமங்களின் சிங்கள மக்கள் ஏற்றனர். இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு தொகை என்று பேசி, காட்டை வீழ்த்தி, கூலியைப் பெற்று அவர்கள் ஊர் திரும்பினர். இது தெளிவான கொந்தராத்து. ஆனால் கன்று நடவும் களை பிடுங்கவும் கோப்பி பறிக்கவும் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோரின் நிலை அவ்வளவு தெளிவானதன்று. அவர்களுக்கும் துரைக்கும் இடையே கங்காணி நின்றான்.

தோட்டத்திலிருந்து முற்பணம் பெற்றுத் தன் ஊருக்குச் சென்ற கங்காணி, உறவினரையும் அயலவரையும் திரட்டினான். அவர்களது பழைய கடனைத் தீர்த்து, வழிச்செலவும் கொடுத்து அழைத்து வந்தான். தோட்டத்தின் கணக்கில் அம்முற்பணம் கங்காணியின் கடன். கங்காணியின் கணக்கில் அது கூலியாட்களின் கடன். வழியில் ஒருவன் இறந்தாலும், பின்னர் ஓடிப்போனாலும் நட்டம் கங்காணியைச் சார்ந்தது. அவனது வருமானமும் பெரும்பாலும் நிலையான சம்பளமன்று. வேலைக்கு இறங்கிய ஆட்களின் தொகைக்கேற்பத் தலைக்காசு கிடைத்தது. நோயாளி லயத்தில் படுத்தால் அன்றைய காசு இல்லை. முதலீடு, ஆபத்து, இலாபம் ஆகிய மூன்றும் அவனிடம் இருந்தன. இவ்வளவும் கொந்தராத்துக்காரனின் இலக்கணமே.

மறுபுறம், விடியற்காலைப் பிரட்டில் எந்த மலையில் எத்தனை பேர் இறங்க வேண்டும் என்று தீர்மானித்தவர் துரையே. கங்காணி அதனை நடத்தி வைத்தான். பிரம்வெல்லின் அளவுகோலால் அளந்தால் அவன் ஊழியனாகவே தோன்றுவான்.

சட்டம் இச்சிக்கலை வியக்கத்தக்க எளிமையுடன் தீர்த்தது. இந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றிய 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தோட்டப் பதிவேட்டில் பெயர் உள்ள கூலியாளையும் கங்காணியையும் 'தொழிலாளி' என்ற ஒரே வரைவிலக்கணத்துள் அடக்கியது. கட்டுப்பாடோ, ஆபத்தோ, இலாபமோ அளவுகோலன்று. ஏட்டில் பெயர் உண்டா என்பதே அளவுகோல். தோட்டத் தமிழில் ஒரு நாட் கூலியைப் 'பேர்' என்றும், பாதிக் கூலியை 'அரைப்பேர்' என்றும் வழங்குவது ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வரைவிலக்கணத்தால் நன்மையும் உண்டு. சம்பளத்தைக் கோரும் உரிமை தோட்டத்துக்கு எதிராகவே நிலைபெற்றது. எனினும் தோட்ட உரிமையாளர் இரு நிலைகளையும் தமக்கு வாய்ப்பாகப் பயன்படுத்தினர் என்பதை மறுத்தற்கியலாது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே சிறைக்கு அனுப்ப வேண்டியபோது கூலியாள் துரையின் ஊழியன். கடனை வசூலிக்க வேண்டியபோதோ அவன் கங்காணியின் ஆள். சம்பளத்தில் ஒரு பங்கு பலகாலம் கங்காணியின் கைவழியே சென்றதால், கூலியாள் தன் கணக்கைத் தானே அறியான்.

இவ்விரட்டை நிலையின் உச்சம் 'துண்டு' ஆகும். இன்ன தொகை செலுத்தப்படின் கங்காணியும் அவனது ஆட்களும் விடுவிக்கப்படுவர் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெற்றது. கடனோ ஒழியாமல் இடம் மாறியது. கொந்தராத்துக்காரன் தன் உழைப்பின் விலையைத் தானே பேசுபவன். ஊழியனோ அறிவித்தல் கொடுத்து நீங்கக் கூடியவன். துண்டில் எழுதப்பட்ட மனிதனுக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை.

துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழி, 1929 இல் மலைநாட்டு ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் குறைந்தபட்சச் சம்பளமாக விதிக்கப்பட்டன. 1939 இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்ததும், ஆட்சேர்ப்பாளன் என்ற கங்காணியின் பழைய பணி முற்றுப்பெற்றது.

ஆனால் வினா முற்றுப்பெறவில்லை. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குச் சட்டம், சேவை ஒப்பந்தத்தின் கீழ் உள்ளவரோடு, ஒரு வேலையைத் தாமே நேரிற் செய்து தருவதாக ஒப்பந்தம் செய்தவரையும் 'வேலையாள்' என ஏற்றது. சட்டவாக்கத்தில் இது பரந்த நோக்கே. இன்றைய தோட்டங்களிலோ காற்று எதிர்த்திசையில் வீசுகின்றது. தேயிலை மலையைப் பகுதிகளாக்கிக் குடும்பங்களுக்கு ஒப்படைத்து, கொழுந்தின் நிறைக்கேற்பப் பணம் கொடுக்கும் முறையைக் கம்பனிகள் சில முன்வைத்துள்ளன. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக விதிக்கப்பட்ட பின்னர் இப்பேச்சு மேலும் வலுத்தது. நாட்சம்பளம் இல்லை, பிரட்டும் இல்லை. தொழிலாளி தன் நேரத்துக்குத் தானே அதிபதி என்பர். ஆனால் நிலம் கம்பனியினது, கொழுந்தை ஏற்பதும் கழிப்பதும் கம்பனி.

1956 இல் இந்திய உயர் நீதிமன்றம் இதையொத்த வழக்கொன்றைத் தீர்த்தது. குஜராத்தின் உப்பளங்களில், கம்பனி ஒதுக்கிய பாத்திகளில் குடும்பத்தோடு உப்பு விளைவித்த அகரியாக்களுக்கு வேலை நேரம் இல்லை. உதவிக்கு ஆள் அமர்த்தும் உரிமையும் உண்டு. இருந்தும், உற்பத்தியின் எல்லாக் கட்டங்களிலும் கம்பனியின் மேற்பார்வை இருந்ததால் அவர்கள் தொழிலாளரே என நீதிமன்றம் கண்டது.

தேயிலைத் தோட்டத்தில் இவ்வேறுபாட்டின் விலையைக் கணக்கிடுவது கடினமன்று. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்தும் நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்குரிய நூற்றுக்கு 3, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அளிக்கும் பணிக்கொடை ஆகிய மூன்றும் செக்ரோலில் பேர் உள்ளவருக்கே உரியன. கொழுந்து நிறுக்கும் ஏட்டில் மட்டும் பேர் உள்ளவர் இவற்றைப் பெற வேண்டுமாயின், தாம் ஊழியர் என்பதை முதலில் நிறுவியாக வேண்டும்.