பத்தொன்பது வருடம் காத்திருந்த மாத்திரை

தலையில் படர்தாமரையா? எக்ஸ்ரே வை. 1950கள் வரை பல நாடுகளில் இதுதான் வைத்தியம். கதிர் பட்டால் முடி மொத்தமாக உதிரும், அதோடு பூஞ்சையும் போகும். இஸ்ரேலில் புதிதாகக் குடியேறிய, பெரும்பாலும் வட ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு யூதர்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

இத்தனைக்கும் மருந்து கையில் இருந்தது. 1939லேயே லண்டனில் ரைஸ்ட்ரிக் குழு ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து கிரிசியோஃபுல்வினைப் பிரித்தெடுத்துவிட்டது. 1946ல் பிரையன் குழு, அது மற்ற பூஞ்சைகளின் இழைகளைச் சுருளவைப்பதைப் பார்த்தது. பிறகு செடிகளின் நோய்க்குத்தான் சோதித்தார்கள். மனுஷனுக்கு ஆகுமான்னு பார்க்க நாளாச்சு.

1958ல் கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் அதைக் கினிப் பன்றிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார். படர்தாமரை குணமானது. அடுத்த ஆண்டே மாத்திரை மனிதர்களுக்கு வந்தது. ரத்தம் வழியே போய், புதிதாக வளரும் முடியிலும் நகத்திலும் அது தங்கிவிடும். பூஞ்சையால் அங்கே பரவ முடியாது. கெட்டுப்போன பழைய நகம் வளர்ந்து வெளியேறும்வரை விழுங்கணும். கால் நகம் என்றால் ஒரு வருடத்துக்கும் மேல்.

எக்ஸ்ரே பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களிடம் மூளைக் கட்டிகளும் தைராய்டு புற்றும் அதிகம் என்று 1974ல் மோடன் குழு எழுதியது. இழப்பீட்டுச் சட்டம் வர 1994 ஆனது.