குண்டு விழாத மலையில் போர் என்ன செய்தது?

கொல்லிமலையில் நாமறிந்த காலத்தில் குண்டு விழுந்ததில்லை. ஆனாலும் சோளக்காட்டுக் குழந்தையின் தட்டில் இன்று என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதில் இரண்டாம் உலகப் போருக்கும் ஒரு பங்கு உண்டு. போர் என்றால் தளபதிகள், எல்லைக்கோடு, வெற்றி தோல்வி என்றே பாடப்புத்தகம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. சோற்றுப் பானையின் பக்கமிருந்து படித்தால் வேறொரு வரலாறு கிடைக்கும்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போயின. பர்மா அரிசி நின்றது. எதிரிக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று வங்காளக் கடலோரத்தில் படகுகளையும் நெல்லையும் பிரிட்டிஷ் அரசு அப்புறப்படுத்தியது. விலை எகிறியது. 1943 பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அதிகம் அடிபட்டவர்கள் நிலமற்ற விவசாயக் கூலிகளும் மீனவர்களும் என்று அமர்த்தியா சென் பின்னாளில் காட்டினார். நம் ஊரில் நிலமற்றவர்கள் யார் என்று தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை.

அதே போர் நம் பக்கம் வேறு வழியாக வந்தது. மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதால், 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் தொழில் தொடங்கியது. போர் முடிந்த பிறகும் ஆலைகள் மூடப்படவில்லை, பெருகின. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே வந்துவிட்டது. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். சாலை வந்தபின் அந்தத் தேவை மலை ஏறியது. மலையாளி பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விதைத்த காடுகள் பலவும் குச்சிக்கிழங்குக் காடுகளாயின.

போர் மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாமையைக் குத்திப் புடைத்து உமி நீக்கும் வேலை முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது. கிழங்கை விற்றால் கையில் காசு. மக்கள் போட்ட அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் குழந்தையின் உடம்பு வேறு கணக்குப் பார்க்கும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியமும் 7 கிராம் புரதமும் உண்டு. அதே எடைக் கிழங்கில் புரதம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். கிழங்கு விற்ற காசில் பருப்பும் முட்டையும் வீட்டுக்கு வராவிட்டால் வயிறு நிறையும், வளர்ச்சி நிற்கும்.

போர் நேராகவே வந்த இடத்தில் என்ன ஆனது என்பதற்கு வன்னி இருக்கிறது. 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. 2009 தொடக்கத்தில், உள்ளே சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்றது. போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் 2,80,000-க்கு மேல். தலைக்கணக்கைக் குறைத்தால் அனுப்ப வேண்டிய அரிசியும் மருந்தும் தானாகவே குறையும். மக்களை வெளியேற விடாமல் தடுத்த புலிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2009 ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மா வாங்க வரிசையில் நின்ற தாய்மார்கள், குழந்தைகள் மீது ஷெல் விழுந்தது. இறந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை அப்படியே இருந்தது என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

அந்த வன்னியில் 1977, 1983 வன்முறைகளில் விரட்டப்பட்டு வந்து குடியேறிய மலையகத் தமிழரும் ஏராளம். அவர்களின் முன்னோர் திருச்சி, சேலம் போன்ற நம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் கொண்டுபோகப்பட்டவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். பஞ்சம் பிழைக்கப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் முள்ளிவாய்க்காலில் உப்புக்கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். 2024 மே மாதம் அந்தக் கஞ்சியின் நினைவாகச் சம்பூரில் கஞ்சி வழங்கிய பெண்களைக்கூடக் கைது செய்தார்கள்.

பட்டினியைப் போர் ஆயுதமாக்குவதை ஐ.நா. பாதுகாப்புச் சபை 2018-இல் 2417-ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. 2025 ஆகஸ்டில் காசாவில் பஞ்சம் என்று அறிவிக்கப்பட்டது. தீர்மானம் மட்டும் சோறு போடாது.

தோழர்களே, எந்தப் போர்ச் செய்தியைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். உணவு வரும் வழியை யார் அடைத்தார்கள்? எத்தனை பேர் என்ற கணக்கை யார் எழுதினார்கள்? அந்தக் கணக்கில் விடுபட்டவர்கள் எந்தச் சாதி, எந்த இனம்?

நம் மலையில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுதானியங்களுக்கும் இடம் உண்டு. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கொல்லிமலையில் விளையும் சாமையையும் தினையையும் அரசே நல்ல விலைக்கு வாங்க வேண்டும். உமி நீக்கும் இயந்திரம் ஊர்தோறும் வேண்டும். அந்தத் தானியம் இந்த மலையின் அங்கன்வாடித் தட்டுக்கே வர வேண்டும். ஊருக்குப் போகும்போது அங்கன்வாடியில் எடைப் பதிவேட்டைப் பாருங்கள். எந்தக் குழந்தையின் பெயர் அதில் இல்லை என்று விசாரியுங்கள். நம் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.