நினைவக அணியும் வட்டுக் கோப்பும்

வணிகக் கணினிகளில் எந்தத் தரவை நினைவகத்தில் வைப்பது, எதை வட்டில் விடுவது என்பதை 1960களில் வேகத்தைவிட இடப்பற்றாக்குறையே பெரிதும் தீர்மானித்தது. 1959-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 1401 கணினியின் நினைவகம் 1,400 எழுத்துகளில் தொடங்கி 16,000 எழுத்துகளில் முடிந்தது. நிரலும் தரவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். காந்த வளையங்களாலான அந்த நினைவகத்திலிருந்து ஓர் எழுத்தை எடுக்க 11.5 மைக்ரோநொடி, அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு, போதும். 1962-இல் வந்த 1311 வட்டகமோ இருபது லட்சம் எழுத்துகளைத் தாங்கினாலும், படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகரவே சராசரியாகக் கால் நொடி பிடித்தது.

ஊதியப் பட்டியல் தயாரிக்கும் நிரலை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு விளங்கும். 5,000 ஊழியர்களுக்கும் தரநிலைக்குரிய ஊதிய விகிதத்தை ஒவ்வொரு முறையும் வட்டில் தேடினால், காத்திருப்பே இருபது நிமிடத்தைத் தாண்டும். அறுபது தரநிலைகளைத் தலா பன்னிரண்டு எழுத்துகளாகத் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏற்றிவிட்டால் 720 எழுத்துகளோடு வேலை முடியும். ஒரே அமைப்புள்ள பதிவுகளை வரிசை எண்ணால் அணுகும் இத்தகைய அடுக்கே அணி எனப்படுகிறது. கோபோல் மொழி அதை 'அக்கர்ஸ்' என்ற சொல்லால் அறிவித்தது. 1968-இன் தரப்பாட்டில் இடம்பெற்ற 'சர்ச் ஆல்' கட்டளையால், வரிசைப்படுத்திய ஆயிரம் பதிவுகளிலும் பத்தே ஒப்பீடுகளில் விடை காண முடிந்தது.

ஆனால் அணியின் அளவை முன்கூட்டியே அறுதியிட வேண்டியிருந்ததால், 200 இடங்கள் ஒதுக்கிய நிரலில் 201-ஆவது பதிவு நுழைந்தபோது, எல்லைச் சோதனை இல்லாத இடங்களில் அது அடுத்திருந்த தரவை அழித்தது. அணியில் அடங்காத பெருங்கோப்புகளுக்கு நிரலாளர்கள் கண்ட வழி இன்னும் பாராட்டுக்குரியது: பரிவர்த்தனைகளையும் முதன்மைக் கோப்பையும் ஒரே வரிசையில் அடுக்கி, இரண்டையும் ஒருசேரப் படித்துப் பொருத்தியதால் தேடலே தேவைப்படவில்லை.

1972-இல் ஐபிஎம் தன் 370 வரிசைக் கணினிகளுக்கு, வட்டையும் நினைவகத்தின் நீட்சியாகக் காட்டும் மெய்நிகர் நினைவகத்தை அறிவித்த பின், பெரிய அணிகளை அறிவிப்பது எளிதாயிற்று. எனினும் மெய்யான நினைவகம் போதாதபோது இயங்குதளம் அணியைப் பக்கங்கள் எனப்படும் துண்டுகளாக வட்டுக்கே அனுப்பியதால், தாறுமாறாகத் தொடப்பட்ட பெரிய அணி, ஒழுங்காகப் படிக்கப்பட்ட கோப்பைவிட மெதுவாகவும் ஓடியது. அணி எப்போதும் விரைவானது என்ற பொதுக்கூற்று ஆகவே சரியன்று. அளவில் சிறியதாய், அடிக்கடி தேடப்பட்டு, அரிதாக மாறும் தரவுக்கே அது முழுமையாகப் பொருந்தும்.