மன்றாட்டும் விண்ணப்பமும்: வேண்டுகைச் சொற்களின் பொருள் வரலாறு

ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறும் சொற்களை, கேட்பவரின் நிலை நோக்கி வகைப்படுத்திய பழமையான தமிழ் நூல் தொல்காப்பியம். அதன் எச்சவியல் ஈ, தா, கொடு ஆகிய மூன்றையும் இரவின் கிளவி, அதாவது இரந்து கேட்கும் சொல், எனக் கொண்டு, ஈ என்பது கொடுப்பவரினும் தாழ்ந்தவர்க்கும், தா என்பது அவரோடு ஒத்தவர்க்கும், கொடு என்பது அவரினும் உயர்ந்தவர்க்கும் உரியவை எனப் பிரிக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியின் நன்னூலும் இப்பகுப்பையே ஏற்றது. ஆயினும் எந்த அவையில், எந்த உரிமையோடு ஒருவர் கேட்டார் என்பதை இலக்கண நூல்கள் சொல்வதில்லை; அதற்குக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையுமே நாட வேண்டியிருக்கிறது.

இவ்வகையில் மிகுந்த கவனத்துக்குரிய சொல் மன்றாடுதல். இன்று இது நெஞ்சுருகிக் கெஞ்சுவதைக் குறிக்கிறது. ஆனால் திருநெல்வேலி மாவட்டத்து மானூரில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 800ஐச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டில் அது ஊர்ச்சபையில் அமர்ந்து பேசி முடிவெடுக்கும் உரிமையைக் குறிக்கிறது. ஊரில் நிலப்பங்கு உடையவராயிருத்தல், மறைப்பயிற்சி, நல்லொழுக்கம் ஆகியவற்றை அவ்வுரிமைக்குத் தகுதிகளாக விதிக்கும் அக்கல்வெட்டு, அவையில் எது சொல்லப்பட்டாலும் மறுத்தே பேசி முட்டுக்கட்டை இடுவோர்க்கு 5 காசு தண்டமும் விதிக்கிறது. மன்றாடியவர் அங்கே எவரிடமும் கையேந்தியவர் அல்லர். மன்றத்தில் சொல்லுரிமை பெற்றவர். (சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையரைக் குறிக்கும் மன்றாடி என்னும் பெயரை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது.) மன்றில் வழக்குரைத்தல் என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு; வழக்குரைப்பவர் தம் பக்கம் தீர்ப்பு வேண்டி வற்புறுத்துபவர் ஆதலால், அப்பொருளின் வழியாகவே இறைஞ்சுதல் என்னும் இன்றைய பொருள் கிளைத்திருக்க வேண்டும். தமிழ்க் கத்தோலிக்க வழிபாட்டில் பிறருக்காகப் பரிந்துரைக்கும் வேண்டலை மன்றாட்டு என வழங்குவதில் அப்பழைய வழக்குரை மணம் இன்னும் மாறவில்லை.

விண்ணப்பத்தின் வரலாறு வேறு திசையில் நடந்தது. அறிவித்தல் என்னும் பொருளுடைய விஞ்ஞாபனம் என்ற வடசொல்லோடு உறவுடைய இது, அடிப்படையில் இரப்பைச் சுட்டுவதன்று. மேலிடத்தின் செவிக்கு ஒன்றை முறைப்படி எட்டச் செய்வதைச் சுட்டுவது. அரசனின் கொடைகள் பலவும் ஒருவர் விண்ணப்பம் செய்ய, அரசன் ஆணையிட, அவ்வாணை ஓலையில் ஏறி நடைமுறைக்கு வந்த வரிசையிலேயே பதிவாகியுள்ளன. கி.பி. 1090இல் முதற் குலோத்துங்கன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தது, கிடாரத்து அரசனின் தூதர்கள் செய்த விண்ணப்பத்தின் பேரில்தான். அயல்நாட்டு வேந்தன் ஒருவனின் சார்பில் வந்த தூதர்களுக்கும் பொருந்திய சொல்லை எளியோரின் இரப்பு மொழி எனக் கருத இயலாது.

கோயில் வழக்கு இதை ஐயமின்றிக் காட்டுகிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு, திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், அவர்களோடு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் 3 குறுணி நெல் வகுத்ததைக் கூறுகிறது. தேவாரம் பாடுவதே இங்கு விண்ணப்பம். திருவரங்கத்தில் திவ்வியப் பிரபந்தம் இசைக்கும் அரையர்களுக்கும் விண்ணப்பம் செய்வார் என்றே பெயர். அரண்மனையில் மன்னன் முன் செய்ததைக் கோயிலில் இறைவன் முன் செய்தனர். தன் குறையையும் வேட்கையையும் இறைவனிடம் எடுத்துரைக்கும் பாட்டு என்ற பொருளில் 19ஆம் நூற்றாண்டு வள்ளலார் வரை அது நீடித்ததற்கு அவருடைய பிள்ளைச் சிறு விண்ணப்பம், பிள்ளைப் பெரு விண்ணப்பம் என்னும் தலைப்புகள் சான்று.

பாரசீகமும் உருதுவும் ஆட்சிமொழிகளாய் இருந்த காலத்தில் அர்ஜி, பிராது, மகஜர் போன்ற சொற்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் மகஜர் ஈழத்தமிழரின் பொதுவாழ்வில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. விண்ணப்பமோ அலுவலகப் படிவத்தின் பெயராகி, உருக்கம் முழுவதையும் மன்றாடுதலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டது.

இன்றைய பொருளைக் கொண்டு பழைய கல்வெட்டைப் படித்தால் மானூர்ச் சபையார் இரவலராகவும் கிடாரத்துத் தூதர்கள் படிவம் நிரப்பியவர்களாகவும் தோன்றுவர். ஆகவே அகராதி தொகுப்போர் மன்றாடுதலுக்கு அவையில் உரையாடுதல் என்னும் பொருளையும், விண்ணப்பத்துக்கு முறைப்படி அறிவித்தல் என்னும் பொருளையும் காலக் குறிப்போடு முதலில் வைத்தல் வேண்டும்.