அய்யனார் அருவி

அய்யனார் அருவி விருதுநகர் மாவட்டத்தில், இராசபாளையத்திற்கு மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள சிறிய அருவியாகும். வெம்பக்கோட்டை, சிவகாசி முதலிய வறண்ட சமவெளிப் பகுதியினர் எளிதில் சென்றுவரக்கூடிய மலைச் சுற்றுலா இடங்களுள் இதுவும் ஒன்று. நீர்காத்த அய்யனார் கோயில் இதனருகே உள்ளது.

பருவகாலம்

வடகிழக்குப் பருவமழையே இதன் முதன்மை நீராதாரம். எனவே அக்டோபர் முதல் திசம்பர் வரை நீர்வரத்து மிகும், கோடையில் குறையும். அண்டை மாவட்டத்திலுள்ள குற்றாலத்தின் பருவம் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, சூன் மாதத்தில் தொடங்குகிறது.

காட்டுயிர்

சுற்றியுள்ள மலைக்காடுகள் நரை அணிலின் வாழிடமாகும். கிளைக்குக் கிளை தாவிச் செல்லும் இவ்வணிலுக்கு, இடைவெளியின்றித் தொடரும் மரச்செறிவு இன்றியமையாதது. இதற்கென 1988இல் திருவில்லிபுத்தூரில் காட்டுயிர் உய்விடம் அமைக்கப்பட்டது. 2021இல் அது மேகமலையுடன் இணைக்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயிற்று.

பாதுகாப்பு

அடிவாரத்தில் வானம் தெளிந்திருக்கும்போதும், மலையுச்சியில் பெய்யும் மழையால் ஓடையில் திடீர் வெள்ளம் வரக்கூடும். அக்கரைக்குச் சென்றவர்கள் திரும்ப இயலாமல் சிக்கிக்கொள்ள நேரிடலாம். ஆகையால், நீர்வரத்து மிகும் நாட்களில் வனத்துறை குளிக்கத் தடை விதிக்கிறது. இந்நீர் இராசபாளையம் மக்களின் குடிநீராகவும் பயன்படுவதால், இங்கு சோப்பு, நெகிழிப் பொருட்களைத் தவிர்த்தல் வேண்டும்.