ஒரு சிறு விளம்பரமும் ஒரு தேசிய ஸ்தாபனமும்

செல்வரும் அதிகாரம் படைத்தோரும் முன்வந்தாலன்றிப் பெருங்காரியங்கள் கைகூடா என்று நம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசிய நரம்பு நோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் தோன்றிய வரலாறு தக்க சான்றாதலின், அதனை ஈண்டு நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நியூயார்க் நகரில் சில்வியா லாரி என்னும் பெண்மணி இருந்தார். அவருடைய சகோதரர் பெர்னார்டை மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்னும் நோய் பற்றியது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையை இந்நோய் பழுதாக்கும். அதனால் பார்வை மங்கும், கால் தள்ளாடும், கை சோரும். சிகிச்சையாற் பயன் காணாத அவ்வம்மையார், 1945-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் வெளியிட்டார். இந்நோயினின்றும் குணமடைந்தவர் எவரேனும் உளரோ என்பதே அவர் கேட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. எழுதியவர்களோ, அதே விடையைத் தேடி அலைந்த பிற நோயாளரும் அவர்தம் உறவினருமே!

அம்மையார் மனந்தளரவில்லை. அக்கடிதங்களையே மூலதனமாகக் கொண்டு, 1946-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வைத்திய நிபுணர்களின் துணையுடன் ஒரு சங்கம் நிறுவினார்.

நிற்க. நன்கொடைகளால் மட்டும் இத்தகைய ஆராய்ச்சி நிறைவேறாது. அரசாங்கப் பொருளும் வேண்டும். 1949-ஆம் ஆண்டில் சார்லஸ் டோபி என்னும் செனட்டர் இதற்கென மசோதா கொணர்ந்தார். அவர் மகளும் இந்நோயால் வருந்தியவரே. வேறொரு நரம்பு நோயால் 1941-இல் மாண்ட பேஸ்பால் வீரர் லூ கெஹ்ரிக்கின் மனைவி எலினார் செனட் குழுவின் முன் சாட்சி கூறினார். முடிவில், ஒரு நோய்க்கென்று மட்டும் அமைக்காது, நரம்பு நோய்கள் அனைத்தையும் பார்வையிழப்பையும் ஒருங்கே ஆராயும் ஸ்தாபனத்துக்கு வழிசெய்த சட்டத்தில், 1950-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 15-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட்டார். மறு ஆண்டில் பியர்ஸ் பெய்லி அதன் முதல் இயக்குநரானார். பார்வையிழப்பு ஆராய்ச்சிக்கு 1968-இல் தனி ஸ்தாபனம் அமைந்தது.

பலன் விரைவில் கிட்டவில்லை. இந்நோயின் போக்கைத் தணிக்கும் முதல் மருந்து அந்நாட்டில் அங்கீகாரம் பெற்றது 1993-ஆம் ஆண்டில்தான். அதனைக் கண்ணாரக் கண்ட பின்னரே, 2001-இல் சில்வியா அம்மையார் காலமானார். நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றுமில்லை, தேடுதலும் ஓயவில்லை.

நம் குடும்பங்களிலோ, வலிப்பு முதலிய நரம்பு நோய் கண்டால், பெண் கொடுக்கல் வாங்கலுக்கு இடையூறாகுமென்று மறைத்து வைக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. மறைத்த நோய்க்கு மருந்து ஏது? தம் வீட்டுத் துன்பத்தை வெளியே சொல்லத் துணிந்தவர் ஒருவர். அதனைக் கேட்டுத் தம் துன்பத்தையும் சொன்னவர் ஐம்பதின்மர். ஸ்தாபனத்துக்கு அடிக்கல் நாட்டியவர்கள் அவர்களே என்போம். நம் சங்கத்தாரும் அவர்தம் இல்லத்தாரும் இதனைச் சிந்திப்பாராக.