கோப்பித் துரையும் ஒற்றையர் கிண்ணமும்

விம்பிள்டன் ஒற்றையர் போட்டியின் இரண்டாவது வெற்றிவீரர் இலங்கையில் கோப்பித் தோட்டம் பார்த்துவந்த ஒரு துரை என்னும் விஷயம், கஹவத்தையிலும் பெல்மதுளையிலும் இறப்பர் மலைகளின் நடுவே பிறந்து வளர்ந்தோருக்கு அதிகம் தெரிந்ததன்று; தெரிந்த டெனிஸ் ரசிகர்களும் அதை ஒரு வினோதச் செய்தியாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுவதே வழக்கம். எனக்கோ, அந்த விளையாட்டின் சரித்திரமும் நம் தோட்டங்களின் சரித்திரமும் பல இடங்களில் ஒன்றையொன்று தொட்டுச் செல்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

லண்டன் நகர்ப்புறத்தில் குரோக்கே ஆட்டத்துக்கென ஏற்பட்டிருந்த ஒரு சங்கத்தார், மட்டக்குதிரை பூட்டி இழுக்கும் தங்கள் புல்தரை உருளை பழுதுபட்டுப்போகவே, அதைச் செப்பனிடப் பணம் திரட்டும் பொருட்டு 1877 ஜூலையில் நடத்திய பந்தயமே முதல் விம்பிள்டன். நுழைவுக் கட்டணம் ஒரு கினி. பெயர் பதிந்தோர் 22 பேர். ஆடவர் ஒற்றையர் தவிர வேறு பிரிவே இல்லை. நடுவில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைக் கனவான்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகவும், பிறகு மழைக்காகவும் தள்ளிப்போன இறுதியாட்டத்தைச் சுமார் 200 பேர் பார்த்தனர். வென்றவர் ஸ்பென்ஸர் கோர். வலையருகே வந்து நின்று, பந்து தரையில் விழுமுன்பே அதை அடித்து எதிரியின் பக்கம் தள்ளிவிடுவது அவருடைய யுக்தி.

அடுத்த ஆண்டு புதிய விதியொன்று வந்தது. முந்திய ஆண்டின் வெற்றிவீரர் எந்தச் சுற்றிலும் ஆடாமல் காத்திருப்பார்; ஏனையோர் தமக்குள் மோதி மிஞ்சிய ஒருவர் அவரை ஒரே ஆட்டத்தில் எதிர்க்கவேண்டும். அவ்விதம் 1878-இல் கோருக்கு எதிரே வந்து நின்றவர், இலங்கையிலிருந்து விடுமுறையில் தாயகம் சென்றிருந்த 23 வயதுப் பிராங்க் ஹாடோ. வலையோரம் நிற்பவனை வலையோரத்திலேயே வெல்ல முயல்வதைக் காட்டிலும், அவன் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் பந்தை அனுப்பி, அவனைப் பின்னோக்கி ஓடவைப்பது சுலபம் என்று அவர் கண்டுகொண்டார். இன்று ‘லாப்’ என்று சிறுபிள்ளைகளும் அறிந்திருக்கும் அந்த அடிக்குக் கோரிடம் அன்று மாற்று இல்லை. 7–5, 6–1, 9–7 என்று ஆட்டம் முடிந்தது. போட்டி முழுவதிலும் ஹாடோ ஒரு செட்டையும் இழக்கவில்லை. இளைப்பாறிக் காத்திருந்தவர் தோற்றார், சுற்றுச் சுற்றாக ஆடி வந்தவர் வென்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். எனினும் அந்தக் காத்திருக்கும் சலுகையை 1922-இல்தான் நீக்கினார்கள்.

ஹாடோ கிண்ணத்தைக் காக்க மறுவருஷம் வரவில்லை. அவர் எதிர்க்க வராமையால் யோர்க்ஷயர்ப் பாதிரியார் ஜோன் ஹார்ட்லி அந்த ஆட்டத்தை ஆடாமலே பட்டத்தைப் பெற்றார். ஹாடோ திரும்பிவந்த இலங்கையோ நல்ல நிலையில் இல்லை. 1869-இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பிச் செடிகளை ஆண்டுக்காண்டு அரித்துக்கொண்டிருந்தது. அக்கரையில் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய காலம் அது. கஞ்சித் தொட்டிக்கும் வழியின்றிக் கிளம்பிய குடும்பங்கள் கங்காணிமாருக்குப் பின்னே கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தன. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டோர் பலர். கூலியை நாட்கணக்கில் எண்ணி வாங்கிய அந்த ஜனங்களின் உழைப்பில்தான் துரைமார்களுக்கு நீண்ட விடுமுறையும், பந்தாடும் அவகாசமும் சித்தித்தன என்பதை அக்காலத்து விளையாட்டு நூல்களில் தேடிப் பயனில்லை.

பந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முற்காலத்தில் ஐரோப்பிய அரண்மனைகளில் சுவர்களுக்கிடையே ஆடிய டெனிஸில், கம்பளியும் மயிரும் அடைத்த பந்தைக் கல்தரையில் மோதவைத்தார்கள். புல்தரையில் அது எழும்பவே எழும்பாது. கந்தகம் சேர்த்து இறப்பரைப் பதப்படுத்தும் முறையைச் சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்ட பிறகே புல்லில் துள்ளும் பந்து சாத்தியமாயிற்று. 1874-இல் ஹீத்கோட் என்பவர் சொன்ன யோசனைப்படி அதன்மேல் வெள்ளைப் பிளானல் துணி போர்த்தினார்கள். அன்றைய இறப்பர் தென்னமெரிக்கக் காட்டு மரங்களிலிருந்து வந்தது. ஆனால் முதல் விம்பிள்டனுக்கு ஒரு வருஷம் முன்னதாக, 1876-இல், ஹென்றி விக்கம் அமேசான் கரையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவற்றுள் 1,900-க்கு மேற்பட்ட நாற்றுகள் இலங்கைக்குக் கப்பலேறி ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஹாடோ லாப் அடித்த கோடையில் அவை சிறு கன்றுகள். 1910-ஐ ஒட்டி இறப்பரின் விலை வானளாவ ஏறியபோது, அவ்விதம் வந்த மரத்தின் சந்ததி சப்ரகமுவ மலைச்சரிவுகளில் பரவிக்கொண்டிருந்தது.

இறப்பர் மலையின் வேலை, தேயிலைக் கொழுந்து மலையின் வேலையைப் போன்றதன்று. கொழுந்துக்குப் பெண்கள் நிரை பிடித்துக் கூட்டமாக நிற்பார்கள், பேச்சுக்கும் பாட்டுக்கும் இடமுண்டு. பால்வெட்டுக்காரரோ விடியுமுன் தமக்கென்று பங்கிட்ட மரங்களிடையே தனியாகப் போய், பட்டையைச் சாய்வாகச் சீவி, சிரட்டையில் பால் இறங்குவதைப் பார்த்து அடுத்த மரத்துக்கு நகரவேண்டும். மழை வந்தால் வெட்டு இல்லை. பெருமழைக்குப் பேர்போன இரத்தினபுரிச் சீமையில் அது அற்ப நஷ்டமன்று.

1926-இல் விம்பிள்டன் பொன்விழாவுக்கு முதியவராக வந்த ஹாடோ, மேரி மகாராணியிடம் ஞாபகப் பதக்கம் பெற்றார். அப்போதும் ஒற்றையர் போட்டி பணம் வாங்காத கனவான்களுக்கே உரியதாயிருந்தது. அந்தப் பிடிவாதத்தைத் தூய்மை என்று புகழ்ந்தோர் உண்டு. வேறு வருவாய் உள்ளவனுக்கே கதவு திறந்திருந்தது என்பதே அதன் நடைமுறை அர்த்தம் என்பது என் அபிப்பிராயம். தென்காசி வம்சத்தவரான ராமநாதன் கிருஷ்ணன் 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றது அந்தக் காலத்தில்தான். முதலில் நீல் ஃபிரேஸரிடமும் பிறகு ராட் லேவரிடமும் அவர் தோற்றார், இருவரும் அவ்வவ்வருஷமே பட்டம் வென்றனர். 1962-இல் நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற லேவர், பிறகு தொழில்முறை ஆட்டக்காரரானதால், ஐந்து ஆண்டுகள் அந்தப் பட்டத்துக்கான போட்டியில் ஆட முடியவில்லை. 1968-இல் தடை நீங்கியது. அவர் மீண்டும் வந்து வென்று 2,000 பவுன் பரிசு பெற்றார்.

அதன்பின் வந்த பரிசுப்பண உலகத்தில், தமிழர் ஊரொன்றுக்கும் இடம் கிடைத்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடந்த போட்டியில் காத்திருக்கும் வெற்றிவீரர் என்று எவருமில்லை. பட்டம் வேண்டுவோர் எல்லாரும் சுற்றுச் சுற்றாக ஆடியாகவேண்டியிருந்தது. 2008 அரையிறுதியில் ரஃபேல் நடால், தம் நாட்டவரான கார்லோஸ் மோயாவை வெல்ல நான்கு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகப் போராடினார். மறுநாள் கால்கள் இணங்காமல், மிகைல் யூஷ்னியிடம் 6–0, 6–1 என்று ஒரு மணி நேரத்துக்குள் இழந்தார். ஆடாமல் காத்திருந்த கோருக்கு 1878-இல் அந்தச் சலுகை உதவவில்லை, நடாலுக்கு உதவியிருக்கக்கூடும். 2018-இல் அந்தப் போட்டி புனேக்குப் போய்விட்டது. நுங்கம்பாக்கத்து அரங்கில் 2022-இல் பெண்கள் போட்டி நடந்தது. செக் நாட்டுப் பெண் லிண்டா ஃபிருஹ்விர்தோவா 17 வயதில் அதை வென்றார்.